பேர் சொல்லும் செய்தியாளர்கள்



வானொலியில் செய்தி கேட்கிறோம். செய்தி முடிந்ததும் சொன்னவர் தம் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த கணமே பாட்டு வந்துவிடுகிறது. அந்தப் பெயரை நம்மில் எத்தனை பேர் காதில் வாங்கிக்கொள்கிறோம்? "சேதிதானே வேணும், அவரு பேரு நமக்கு எதுக்கு?" என்று இருந்துவிடுகிறோம். ஆனால் அந்த இரண்டு விநாடிப் பெயருக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. கப்பல் ஏறியவர்களின் வரலாறு, போருக்குத் தப்பியவர்களின் வரலாறு, "உன் பெயர் வாயில் நுழையவில்லை, மாற்றிக்கொள்" என்று சொல்லப்பட்டவர்களின் வரலாறு.

அந்த வரலாற்றைத்தான் இந்த மலரில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் பெற்றோர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பிள்ளையிடம் புதியவர் ஒருவர் பெயர் கேட்டால், அது தலை நிமிர்ந்து முழுப் பெயரையும் சொல்கிறதா? அல்லது தரையைப் பார்த்துக்கொண்டு பாதியை விழுங்கிவிடுகிறதா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பெயர் இல்லாத குரல்கள்

பிரிட்டனில் பி.பி.சி. வானொலி 1922-ஆம் ஆண்டு தொடங்கியது. அக்காலத்தில் அங்கே செய்தி வாசித்தவர்கள் தம் பெயரைச் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் இருப்பதே வழக்கம். கேட்பது நிறுவனத்தின் குரலாக இருக்கவேண்டும், தனி மனிதரின் குரலாக இருக்கக்கூடாது என்று மேலிடத்தில் கருதினார்கள். மாலை நேர அறிவிப்பாளர்கள் விருந்துக்குப் போகிறவர்களைப் போலக் கறுப்புக் கோட்டு அணிந்துதான் மைக்கின் முன் உட்காரவேண்டும் என்றும் இருந்தது. வானொலியில் கோட்டு யார் கண்ணுக்குத் தெரியும்? ஆனாலும் அணிந்தார்கள். கோட்டு இருந்தது, பெயர் இல்லை!

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940-ஆம் ஆண்டில் பிரான்சு வீழ்ந்தது. ஜெர்மானியப் படை ஆங்கிலக் கால்வாயின் அக்கரையில் வந்து நின்றது. எதிரிகள் பி.பி.சி.யைப் போலவே பேசி, பொய்ச் செய்தி பரப்பி, மக்களைக் குழப்பிவிடுவார்களோ என்ற அச்சம் பிறந்தது. எனவே அந்த ஆண்டில், செய்தி வாசிப்பவர் தம் பெயரைச் சொல்லவேண்டும் என்று முறை மாறியது. தெரிந்த பெயரும் பழகிய குரலும் சேர்ந்து வந்தால் மக்கள் நம்பலாம் அல்லவா? கடிதத்தின் அடியில் இடும் கையெழுத்தைப் போல, செய்திக்குப் பெயர் முத்திரையாயிற்று.

அப்படிப் பெயர் சொன்னவர்களுள் புகழ் பெற்றவர் ஆல்வார் லிடெல். 1939 செப்டம்பர் 3-ஆம் நாள் பிரதமர் சேம்பர்லின் போர் மூண்டதை வானொலியில் அறிவித்தபோது, அவரை அறிமுகப்படுத்திய குரல் இவருடையதே. ஆல்வார் என்பது ஆங்கிலப் பெயரன்று. அவருடைய பெற்றோர் சுவீடன் நாட்டவர். நம் ஆழ்வார் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல! ஆங்கிலேயருக்கே புதுமையான அந்தப் பெயர், போர்க்காலத்தில் நம்பிக்கைக்கு உரிய பெயராகிவிட்டது.

1941-இல் வில்ஃபிரட் பிக்கில்ஸ் என்பவர் செய்தி வாசிக்க வந்தார். பிக்கில்ஸ் என்றால் ஊறுகாய் என்று மாணவர்களுக்குத் தெரியும். ஆனால் மக்களுக்கு அவர் பெயரைவிடப் பேச்சே விநோதமாக இருந்தது. அவர் வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதிக்காரர். அந்த ஊர் வாடை அவர் குரலில் வீசியது. "இந்தப் பேச்சில் செய்தி சொன்னால் நம்புவது எப்படி?" என்று குறைப்பட்டவர்கள் பலர். பாருங்கள், உள்நாட்டுக்காரரின் பேச்சையே ஏற்க மறுத்த காலம் அது. அப்படியென்றால் கடல் கடந்து வந்தவரின் பெயர் என்ன பாடு பட்டிருக்கும்?

பெயரை மாற்றிக்கொண்ட காலம்

இனி அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே வானொலிச் செய்தியின் தந்தை என்று சொல்லத்தக்கவர் எட்வர்ட் முரோ. 1940-இல் லண்டன் மீது குண்டு மழை பொழிந்தபோது, கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்று அமெரிக்க மக்களுக்கு நேரடியாகச் செய்தி சொன்னவர். ஆனால் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எட்வர்ட் அன்று, எக்பர்ட்! ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் மரம் வெட்டும் முகாம்களில் வேலை செய்தவர், கல்லூரியில் படிக்கும்போது எக்பர்ட்டை விட்டு எட்வர்ட் ஆனார்.

இன்னொருவர் கதையும் உண்டு. உலகப் புகழ் பெற்ற பேட்டியாளர் லாரி கிங். அவர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. இயற்பெயர் லாரன்ஸ் சைகர். 1957-ஆம் ஆண்டு மயாமி நகரத்துத் தனியார் வானொலி நிலையம் ஒன்றில் முதன்முதலாகப் பேசப் போனார். ஒலிபரப்பு தொடங்கச் சில நிமிடங்களே இருந்தன. நிலைய மேலாளர் கூப்பிட்டு, இந்தப் பெயர் சரிப்படாது, இனம் காட்டுகிறது, மக்கள் மனத்தில் நிற்காது என்றார். எதிரே கிடந்த செய்தித்தாளில் 'கிங்' என்ற மதுக்கடையின் விளம்பரம் இருந்தது. அதிலிருந்து ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தார். தாத்தா காலத்திலிருந்து வந்த பெயர் போயிற்று. மதுக்கடையின் பெயர் வந்தது. 2021-இல் அவர் இறக்கும் வரை உலகம் அவரை அந்தப் பெயரில்தான் அறிந்திருந்தது.

நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. 1892 முதல் 1954 வரை அது குடியேறிகளைச் சோதிக்கும் இடமாக இருந்தது. ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம் பேர் அதன் வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள். "அங்கே இருந்த அதிகாரி எங்கள் தாத்தா பெயரை வெட்டிச் சுருக்கிவிட்டான்" என்று அமெரிக்கக் குடும்பங்களில் கதை சொல்வதுண்டு. வரலாற்று ஆய்வாளர்கள் இதை மறுக்கிறார்கள். கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதிய பயணிகள் பட்டியலை வைத்துத்தான் எல்லிஸ் தீவு அதிகாரிகள் சரிபார்த்தார்கள். பெரும்பாலும் பெயரைப் பிறகு மாற்றியவர்கள் குடியேறியவர்களே.

ஏன் மாற்றினார்கள்? வேலை கிடைக்கவேண்டும், கடைக்கு ஆள் வரவேண்டும், பள்ளியில் பிள்ளையைக் கேலி செய்யக்கூடாது. தாங்களாகவே மாற்றினார்கள் என்பதால் விரும்பி மாற்றினார்கள் என்று ஆகிவிடுமா? யோசித்துப் பாருங்கள்.

இரண்டு கையெழுத்துகள்

அமெரிக்கா 1924-ஆம் ஆண்டு ஒரு கடுமையான குடிநுழைவுச் சட்டம் இயற்றியது. தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் மிகக் குறைவாகவே வர முடிந்தது. ஆசியர்களுக்குக் கதவு ஏறத்தாழ மூடியே இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1965 அக்டோபர் 3-ஆம் நாள் அதிபர் லிண்டன் ஜான்சன், சுதந்திர தேவி சிலையின் அடியில் அமர்ந்து ஒரு புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். எந்த நாட்டில் பிறந்தவர் என்று பார்த்து ஒதுக்கும் பழைய முறை அதனால் ஒழிந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களிலிருந்து மக்கள் பெருமளவில் வரத் தொடங்கினார்கள்.

அதே அதிபர் 1967 நவம்பர் 7-ஆம் நாள் இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுதான் பொது ஒலிபரப்புச் சட்டம். விளம்பர வருமானத்தை நம்பாமல், மக்களின் கல்விக்கும் அறிவுக்கும் ஒலிபரப்பு நடக்க அரசாங்கம் பண உதவி செய்ய வழி வகுத்த சட்டம் அது. முதலில் தொலைக்காட்சிக்கு மட்டுமே அந்த மசோதாவைத் தயாரித்தார்கள். வானொலிக்காரர்கள் விடாமல் வாதாடி, வானொலியையும் உள்ளே சேர்க்கச் செய்தார்கள்.

அதன் பயனாக 1970-இல் 'தேசியப் பொது வானொலி' பிறந்தது. ஆங்கிலச் சுருக்கத்தில் என்.பி.ஆர். என்பார்கள். நாடெங்கும் 90 நிலையங்கள் சேர்ந்து அதைத் தொடங்கின. 1971 மே 3-ஆம் நாள் அதன் மாலைச் செய்தி நிகழ்ச்சி முதன்முதலாக ஒலித்தது. முதல் நிகழ்ச்சி இயக்குநர் பில் சீமரிங். நாட்டின் எல்லா வகை மக்களின் குரலும் வானொலியில் கேட்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

1965-ஆம் ஆண்டுச் சட்டம் பல தேசத்து மக்களைக் கொண்டுவந்தது. 1967-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் பிள்ளைகள் பேசுவதற்கு ஒரு மைக்கைக் கொடுத்தது. முன்னரே வந்து சேர்ந்த ஐரோப்பிய அகதிகளின் பிள்ளைகளும் அதே மைக்கைப் பிடித்தார்கள். என்.பி.ஆர். செய்தியாளர்களின் பெயர்கள் விநோதமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அந்தப் பெயர்களும் அவற்றின் கதைகளும்

1972-இல் சூசன் ஸ்டாம்பெர்க் என்ற பெண்மணி அந்த மாலைச் செய்தி நிகழ்ச்சியை நடத்த வந்தார். அமெரிக்காவில் நாடு தழுவிய மாலைச் செய்தி நிகழ்ச்சியை முழுப் பொறுப்பேற்று நடத்திய முதல் பெண் அவர்தான். "பெண் குரலில் செய்தி சொன்னால் கனம் இருக்காது" என்று நிலைய மேலாளர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். சீமரிங் அதற்கு அசைந்து கொடுக்கவில்லை. புதிய வானொலியில் சம்பளமும் குறைவு. பெரிய நிறுவனங்களில் இருந்த ஆண்கள் அந்தச் சம்பளத்துக்கு வர விரும்பவில்லை. திறமையுள்ள பெண்கள் வந்தார்கள், நிலைத்தார்கள்.

அவர்களுள் ஒருவர் கோக்கி ராபர்ட்ஸ். அது என்ன கோக்கி? அவருடைய முழுப் பெயரைக் கேட்டால் மூச்சு வாங்கும்: மேரி மார்த்தா கொரின் மோரிசன் கிளெய்போர்ன் பாக்ஸ்! குழந்தைப் பருவத்தில் அண்ணனுக்குக் கொரின் என்று சொல்ல வரவில்லை, கோக்கி என்றான். அதுவே நிலைத்தது. நம் லயத்து வீடுகளிலும் இப்படித்தானே? தங்கை வாயில் வந்ததே அக்காளின் வீட்டுப் பெயராகிவிடுகிறது. அந்த வீட்டுப் பெயரோடுதான் அவர் அமெரிக்க நாடாளுமன்றச் செய்திகளைப் பல்லாண்டு சொன்னார். 2019-இல் காலமானார். அன்பினால் வந்த சுருக்கம் வேறு. அலட்சியத்தால் வரும் சுருக்கம் வேறு என்பதைக் கவனியுங்கள்.

நீனா டோட்டன்பெர்க் 1975-இல் சேர்ந்தார். உச்ச நீதிமன்றச் செய்திகளில் பெயர் பெற்றார். அவருடைய தந்தை ரோமன் டோட்டன்பெர்க் போலந்து நாட்டில் பிறந்த யூதர். மாபெரும் வயலின் கலைஞர். அவருடைய விலைமதிப்பற்ற வயலின் 1980-இல் களவு போயிற்று. தம் 101-ஆம் வயதில், 2012-இல் அவர் இறந்தபோதும் அது கிடைக்கவில்லை. 2015-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டு மகள்களிடம் சேர்ந்தது. வயலின் முப்பத்தைந்து ஆண்டுகள் காணாமற் போயிருந்தது. பெயரோ அந்த ஆண்டுகளிலும் மகளின் குரலில் வானொலியில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

சில்வியா பொஜ்ஜோலி என்பவர் இத்தாலியின் ரோம் நகரிலிருந்து செய்தி சொன்னவர். அந்தப் பெயரை எழுத்தில் பார்க்கும் அமெரிக்கருக்கு எப்படிச் சொல்வதென்று குழப்பம்தான். அவருடைய பெற்றோர் முசோலினியின் கொடுங்கோலாட்சியை எதிர்த்து, இத்தாலியை விட்டு அமெரிக்காவுக்கு வந்தவர்கள். தந்தை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியர் ஆனார். பெற்றோர் நீங்கி வந்த நாட்டிலிருந்தே மகள் செய்தி சொன்னார். 1982 முதல் 2023-இல் ஓய்வு பெறும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெயர் ஒலித்தது. கேட்டவர்கள் ரசித்துத் தாமும் சொல்லிப் பார்த்தார்கள்.

ஒஃபேபியா குவிஸ்ட்-ஆர்க்டன் ஆப்பிரிக்காவின் கானா நாட்டவர். 2004-இல் என்.பி.ஆர். வானொலியில் சேர்ந்து, செனகல் நாட்டின் தலைநகரான டக்காரிலிருந்து செய்தி அனுப்பினார். செய்தியை முடிக்கும்போது தம் நீளமான பெயரை நிறுத்தி நிதானமாகச் சொல்வார். பின்னர் ஊர்ப் பெயரை "டக்கா...ர்" என்று நீட்டி முழக்குவார். அந்த நீட்டலைக் கேட்பதற்காகவே காத்திருந்த ரசிகர்கள் உண்டு.

துவாலி சாய்காவ்தாவ் மோங் இனத்தைச் சேர்ந்தவர். லாவோஸ் மலைகளில் வாழ்ந்த மோங் மக்களில் பலர், 1975-இல் போர் முடிந்து ஆட்சி மாறியபோது அகதிகளாக வெளியேறி, அமெரிக்காவிலும் பிரான்சிலும் குடியேறினர். இவருடைய குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் 'எக்ஸ்' என்ற எழுத்தில் தொடங்கும். லாவோஸ் பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாடு. அவர்கள் காலத்து எழுத்து முறையில் 'ச' ஒலிக்கு அந்த எழுத்தைப் போடுவது உண்டு. ஆண்டவர் போய்விட்டார், அவர் எழுத்து மட்டும் பெயரில் ஒட்டிக்கொண்டது. இப்படி, ஒரு பெயரின் முதல் எழுத்திலேயே ஒரு காலனி ஆட்சியின் கதை அடங்கிக் கிடக்கிறது.

கலைச் செய்திகள் சொல்லும் நேடா உலாபி ஜோர்டான் நாட்டின் அம்மானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். அந்த அரபுப் பெயரும் அதே வானொலியில் இடம் பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். செய்தித்தாளில் பெயர் அச்சில் வரும். படிப்பவர் தமக்குத் தோன்றியபடி உச்சரித்துக்கொள்வார். தொலைக்காட்சியில் முகம் தெரியும். பெயர் கீழே எழுத்தில் ஓடும். வானொலியில் முகமும் இல்லை, எழுத்தும் இல்லை. பெயருக்கு உரியவரே தம் வாயால் தம் பெயரைச் சொல்கிறார். என்னை இப்படித்தான் அழைக்கவேண்டும் என்று நாள்தோறும் நாட்டு மக்களுக்குப் பாடம் நடத்துகிறார். முதல் நாள் சிரிப்பு வரும். பத்தாம் நாள் பழகும். ஆயிரமாவது நாள் அது நம் வீட்டுப் பெயர் மாதிரி ஆகிவிடும்.

லட்சுமி வந்த வழி

நமக்கு நெருக்கமான ஒரு பெயரைக் கடைசியாக வைத்திருக்கிறேன். லட்சுமி சிங்! ஆம், நம் வீட்டு லட்சுமிதான். 2000-ஆம் ஆண்டு என்.பி.ஆர். வானொலியில் சேர்ந்து, நண்பகல் நேரச் செய்திகளால் அமெரிக்கா முழுதும் அறிமுகமானவர். அவருடைய தாயார் புவெர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்தவர். தந்தை டிரினிடாட் தீவின் இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர்.

டிரினிடாட்டில் இந்தியர்கள் எப்படி வந்தார்கள்? தோட்டத்தில் பிறந்த நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1845 மே 30-ஆம் நாள் 'ஃபத்தேல் ரசாக்' என்ற கப்பல் அந்தத் தீவை அடைந்தது. அதில் இருநூற்றுக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். கரும்புத் தோட்டங்களில் வேலை. ஒப்பந்தக் கூலி முறை. 1917 வரை ஏறத்தாழ 1,44,000 பேர் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறிய வட இந்தியர். சென்னையில் ஏறியவர்களும் உண்டு. மலாயாவின் கரும்பு, காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோரில் ஒரு பகுதியினர் வந்ததும் இதே முறையில்தான். மலாயாவில் அது 1910-இல் நிறுத்தப்பட்டது.

அந்தக் கப்பல் பதிவேடுகளில் எழுத்தர் காதில் விழுந்தபடி பெயர்கள் ஏறின. பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரோ தாத்தா பெயரோ பின்னால் குடும்பப் பெயராக நிலைத்தது. தலைமுறைகள் சென்றன. டிரினிடாட் இந்தியரில் பெரும்பாலோர் வீட்டில் பேசிய இந்திய மொழியை இழந்துவிட்டார்கள்; ஆங்கிலமே தாய்மொழி போலாயிற்று. மொழி போயிற்று, பெயர் நின்றது! அந்தத் தீவிலிருந்து அமெரிக்கா வரை நடந்து, வாஷிங்டனில் மைக்கின் முன் போய் உட்கார்ந்து, "நான் லட்சுமி சிங்" என்று சொன்னது.

இதைக் கேட்கும்போது எனக்கு ஒரு கவலையும் வருகிறது. மொழி, பெயர் இரண்டையும் காப்பாற்றி வைத்திருக்கும் நாம், இருப்பதன் அருமை தெரிந்துதான் இருக்கிறோமா?

விளையாட்டும் வினையும்

இந்த விநோதப் பெயர்களை வைத்து அமெரிக்க நேயர்கள் ஒரு விளையாட்டே கண்டுபிடித்தார்கள். உன் பெயரின் நடுவில் வரும் தலைப்பெழுத்தை எடுத்து, முதற் பெயருக்குள் எங்கேயாவது செருகு. வெளிநாட்டில் நீ போன மிகச் சிறிய ஊரின் பெயரைப் பின்னால் குடும்பப் பெயராகச் சேர். உடனே உனக்கு ஒரு வானொலிச் செய்தியாளர் பெயர் தயார்! நல்ல வேடிக்கைதான், அன்பில் பிறந்த வேடிக்கை. ஆனால் அப்படிச் செய்த பெயருக்குப் பின்னால் கப்பல் இல்லை, அகதி முகாம் இல்லை, நாடு விட்டு நாடு வந்த தாய் தந்தை இல்லை. உண்மைப் பெயருக்கும் ஒட்டுப் பெயருக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

காலம் மாறுகிறது என்பதையும் சொல்லவேண்டும். 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அரசாங்கப் பணத்தை 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறுத்திவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலர் திரும்பப் பெறப்பட்டது. சிறு ஊர்களில் இருக்கும் வானொலி நிலையங்களுக்கே இதனால் தொல்லை அதிகம். பல வகைப் பெயர்கள் ஒலிக்கும் இடம் தானாக உண்டாவதில்லை. ஒரு காலத்தில் யாரோ போராடி உண்டாக்கியது, கவனிக்காவிட்டால் குறுகியும் போகும்.

நம் பெயர், நம் பொறுப்பு

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். தமிழில் பேரன் என்ற சொல்லைப் பாருங்கள். பெயரன், அதாவது தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். பேர் சொல்லும் பிள்ளை என்கிறோம். பேரைக் காப்பாற்று என்கிறோம். பேரைக் கெடுக்காதே என்கிறோம். பெயரை இவ்வளவு பெரிதாக நினைக்கும் மொழி நம்முடையது.

ஆனால் நடப்பு என்ன? பள்ளியில் பிள்ளைகளைப் பதியும்போது பத்திரங்களைப் பார்க்கிறேன். ஒரே தந்தைக்குப் பிறந்த மூன்று பிள்ளைகள். மூன்று பிறப்புப் பத்திரத்திலும் தந்தை பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது! எழுதிக் கொடுக்காமல் வாயால் சொன்னது. கேட்டவர் தமக்குத் தோன்றியபடி எழுதியது. "ஒரு எழுத்துதானே வாத்தியாரே, அதுல என்ன இருக்கு?" என்கிறார்கள். பிள்ளை வளர்ந்து ஐ.சி. எடுக்கும்போது, மேற்படிப்புக்கு மனுச் செய்யும்போது, அந்த ஒரு எழுத்துதான் வாசலில் வந்து குறுக்கே நிற்கும். அன்றைக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். அது பெற்றோருக்குச் செலவு, பிள்ளைக்கு அவமானம்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தைக்குப் பெயர் வைத்ததும், அதைத் தமிழிலும் ரோமன் எழுத்திலும் ஒரு தாளில் தெளிவாக எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் ஆசிரியரிடம் வாருங்கள். நாங்கள் எழுதித் தருகிறோம். அப்பா பெயரும் அம்மா பெயரும் உங்கள் ஐ.சி.யில் இருப்பது போலவே இருக்கட்டும். பத்திரத்தில் கையெழுத்திடும் முன் எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள். அது உங்கள் பிள்ளையின் பெயர்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் இரண்டு சொற்கள். உங்கள் பெயரை யாராவது தவறாகச் சொன்னால், கோபப்படாமல், "இல்லீங்க, என் பேரு இப்படி" என்று மரியாதையாகத் திருத்துங்கள். அதே மரியாதையைப் பிறருக்கும் கொடுங்கள். உங்கள் மலாய் நண்பனின் பெயரையும் சீனத் தோழியின் பெயரையும் சரியாகக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் பெயருக்குப் பின்னாலும் ஒரு கப்பலோ கம்பமோ பாட்டியோ இருப்பார்கள்.

எங்கள் பள்ளியில் காலைக் கூட்டத்தில் மாணவர்கள் முறைபோட்டுச் செய்தி வாசிக்கிறார்கள். வாசித்து முடித்ததும் தம் முழுப் பெயரையும் வகுப்பையும் சொல்லவேண்டும் என்பது விதி. நீளமான பெயர் கொண்ட ஒரு நான்காம் ஆண்டு மாணவி முதல் முறை பாதிப் பெயரைத்தான் சொன்னாள். அது யார் வைத்த பெயர் என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். பால்மரக் காட்டில் முப்பது வருடம் வேலை செய்த தன் கொள்ளுப்பாட்டியின் பெயர் அது என்று தெரிந்துகொண்டு வந்தாள். அடுத்த முறை அவள் பெயரைச் சொன்னபோது, கடைசி வரிசையில் நின்ற ஆறாம் ஆண்டுப் பையன்களுக்கும் தெளிவாகக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

இந்த விழா மேடையிலும் ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசிக்கப்படும். பரிசு வாங்கும் பிள்ளையின் பெயரோடு அப்பாவின் பெயரும் சேர்ந்து ஒலிக்கும். பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயிலிலும் மழையிலும் உழைக்கும் உங்கள் பெயர் அது. அதை நாங்கள் சரியாக உச்சரிப்போம். அது ஆசிரியர்களாகிய எங்கள் கடமை. கேட்டதும் தலை நிமிர்ந்து எழுந்து வரவேண்டியது பிள்ளைகளின் கடமை.

ஒலிபெருக்கி இன்று சொல்லும் பெயரை நாளை ஊர் சொல்லட்டும். பரிசு பெறும் செல்வங்களுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகும் செல்வங்களுக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.